காற்று மட்டும் கேட்ட இடம்

மைக்கில் மாட்டும் அந்தச் சாம்பல் நிற உரோம உறை இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. கல்முனைக் கடற்கரையில் அது இல்லாமல் எதையும் பதிய முடியாது. காற்று முந்திப் பேசிவிடும், மனிதர் பிறகுதான். அதைக் கண்டதும், வாப்பாவின் தங்கையான என் மாமி கேட்டார்: "என்ன மருமகன், செத்த பூனையையா தூக்கிட்டு வந்திரிக்கிறீங்க?" மொழிபெயர்த்துச் சொன்னபோது, படமெடுக்க வந்திருந்த இயக்குநர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒலிப்பதிவாளர்கள் ஆங்கிலத்தில் அந்த உறைக்கு வைத்திருக்கும் பெயரும் அதுதான்.

கரீபியன் தீவொன்றில் பிறந்தவர் அவர். கரும்புத் தோட்டத்துக்கு அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் வழி. தன் தீவின் ஓவியர்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர், அவர்கள் திரும்பத் திரும்ப வரைந்த கப்பல்களைத் தொடர்ந்து எங்கள் கடலுக்கும் வந்துவிட்டார். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், இங்கேயும் ஆட்களை விற்றார்கள் என்று எங்கோ படித்திருந்தாராம். அவருக்கு ஒலியும் நான்தான், மொழியும் நான்தான். யாரைப் பதிவதற்கு முன்பும் ஹெட்போனை அவர்கள் காதில் மாட்டி, அவர்களுடைய குரலை அவர்களுக்கே கேட்கக் கொடுப்பார். "கேட்காமல் எடுத்ததுதான் எங்கள் வரலாறு. நானும் அப்படி எடுக்கலாமா?" என்பார்.

அன்று மாமியின் கடலோர வீட்டு முற்றத்தில், அவர் கேள்வி கேட்குமுன் மாமி கேட்டுவிட்டார். "இவரு என்ன குடி? விசாரிச்சிச் சொல்லுங்க." எங்கள் ஊரில் குடி என்னும் குலம் தாய்வழியில் வரும், கலியாணம் பேசும்போது முதல் கேள்வியே அதுதான். இயக்குநர் கடல் பக்கம் திரும்பினார். "என் பெயரே தோட்ட முதலாளி வைத்த பெயர், அம்மா. அம்மா, அம்மம்மா, அவருடைய தாய். அதற்கு மேலே யார் பெயரும் தெரியாது, கப்பல்தான்."

மாமி சிரிப்பை நிறுத்தினார். "எங்கட வழியிலயும் ஒரு பொம்பிளை கப்பல்லதான் வந்தாவாம், மகன். ஒல்லாந்தன் வித்துப்போட்டானாம். எங்கட குடிப் பொம்பிளைகள்தான் அவவ ஊட்டுக்குள்ள எடுத்து மகளாக்கினாங்களாம். அவவுக்குப் பிறந்தவங்கதான் நாங்க."

"உம்மா!"

வாசலில் நின்று தாயைப் பார்த்துக் கத்தியவள் மச்சி, மாமியின் ஒரே மகள். அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். அந்தக் குரல் ஹெட்போன் வழியாக என் காதைக் கிழித்தது. "இது வெளிய போனா எனக்கு மாப்பிள்ளை இல்ல மச்சான். அழிச்சிடுங்க."

இயக்குநர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. படத்தில் அந்த இடத்தில் மாமியின் வாய் அசையும். காற்று மட்டும் கேட்கும். ஆனால் மூலப் பதிவை என்னிடம் தந்து, "அழிக்காதே. அது அவர்களுடையது. கேட்டால் கொடு" என்றார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. ஊரில் படம் காட்டிய நாளில், மாமியின் உதட்டை வாசித்துவிடுவார்களோ என்று கூட்டத்தின் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். மச்சியின் கலியாணம் நடந்தது. அதன் பிறகும் வீடு மாறும்போதெல்லாம் அந்தப் பதிவை, வெடிக்கக்கூடிய ஏதோ ஒன்றைப் போலத் தூக்கித் திரிந்தேன்.

மாமி மவுத்தாகிவிட்டார். போன வருடம் இயக்குநரும் இறந்துவிட்டார் என்று அவர் தீவிலிருந்து செய்தி வந்தது. நேற்று மச்சி வந்தாள். இப்போது அவள் மகளுக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள்.

"உம்மாட குரலத் தாங்க மச்சான்."

அவர் செய்ததுபோலவே ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன். செத்த பூனை வந்ததும் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. தன் கத்தலையும் கேட்டிருக்க வேண்டும், கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நான் சொல்றதையும் எடுங்க. மாப்பிள்ளை ஊட்டார் நாளைக்கு வாறாங்க. ரெண்டையும் கேட்டுப்போட்டு முடிவெடுக்கட்டும்."

"மச்சி, கொஞ்சம் யோசிச்சி..."

"யோசிச்சித்தானே உம்மாட வாய அடைச்சன்."

இன்று, மாப்பிள்ளை வீட்டார் வருமுன், அவள் வீட்டு முற்றத்தில் அதே உறையை மைக்கில் மாட்டினேன். கடற்காற்றில் அதன் உரோமம் சிலிர்த்தது. "எங்கட வழியில ஒரு பொம்பிளை..." என்று அவள் தொடங்கினாள்.

"உம்மா!"

வாசலில் மகள். என் கை தானாகவே பதிவை நிறுத்தப் போனது. மச்சி திரும்பிப் பார்க்கவில்லை.

"இங்கால வந்து பக்கத்தில இரு மகள்," என்றாள். "முதல்ல நீ கேளு."