குணா வாசித்த டிரம்ஸ்

1. பொய் என்று நினைத்தது

குணா தன் மனைவியிடம் பொய் சொல்லிவிட்டுச் செத்துப்போனான் என்றுதான் நான் முதலில் நம்பினேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவது என் கடமை என்றும் நம்பினேன். இரண்டாவதுதான் பெரிய முட்டாள்தனம்.

மலேசியாவில், பாசிர் கூடாங் ஊரில், ஒரு டயர் கடைக்கு மேலே ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். பாலர் பள்ளி ஆண்டு விழாப் பாட்டு, கல்யாண வரவேற்புப் பாட்டு, கோயில் திருவிழா அறிவிப்பு, எது வந்தாலும் செய்வேன். கீழே டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரசர் நின்றால்தான் மேலே ரெக்கார்டிங். இந்தத் தொழிலில் பாதி நேரம் காத்திருப்பதிலேயே போய்விடுகிறது.

இப்போது ராப் பாட்டுக்குத் தாளம், அதாவது பீட், செய்கிற பிள்ளைகள் வந்து, "அண்ணே, உங்க பழைய அண்டர்கிரவுண்ட் டேப் இருக்கா?" என்று கேட்கிறார்கள். அண்டர்கிரவுண்டாக இருப்போம் என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. மேலே யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

மூன்று பேர் இருந்தோம். ஜெகா ராப் பாடினான். நான் பீட் செய்தேன். குணா ரசாயன ஆலையில் ஷிஃப்ட் முடித்து நேராக வருவான். ரெக்கார்ட் பட்டனை அழுத்துவான், பிறகுதான் சேஃப்டி பூட்ஸைக் கழற்றுவான், இருமுவான், பாட்டு முடிந்ததும் பட்டனை அழுத்தி நிறுத்துவான். பாட்டில் அவனுக்கு வேறு வேலை இல்லை.

2. மல்லிகா வந்தது

குணா போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். சில மாதம் கழித்து ஒரு மதியம் அவன் மனைவி மல்லிகா வந்தார். தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து அப்படியே இறங்கியிருந்தார். கழுத்தில் வேலை அட்டை தொங்கியது.

"அண்ணே, நீங்க எடுத்த பாட்டுல அவர்தான் டிரம்ஸாம். கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் நம்பவே இல்ல. மேசையில தாளம் போடத் தெரியாத ஆளு. சொந்தக்காரங்க முன்னாடியே கிண்டல் பண்ணியிருக்கேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"திவசத்துக்கு எல்லாரும் வருவாங்க. உண்மைன்னா அவங்க முன்னாடி போட்டுக் காட்டணும். பொய்னா எனக்கு மட்டும் சொல்லுங்க, போதும்."

பொய் என்று எனக்குத் தெரியும். டேப்பில் இருப்பது டிரம் மெஷின். கல்யாண பேண்டுக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகாது. நான் சொன்னது வேறு.

"உண்மைதான்மா. டேப் இருக்கு. தேடி எடுத்து வைக்கிறேன். வெள்ளிக்கிழமை வாங்க."

3. பிஸ்கட் டின்

அவர் படி இறங்கியதும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஏர்கான் பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

பிஸ்கட் டின், தலையணை, சாவிக்கொத்து ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு டிரம்ஸ் மாதிரி வாசித்து ரெக்கார்ட் செய்ய ஆரம்பித்தேன். குணா வாசித்தால் எப்படி இருக்குமோ அப்படி மோசமாக இருக்க வேண்டும். அது எனக்கு இயல்பாகவே வந்தது. வாழ்நாளெல்லாம் பிறர் ரெக்கார்டிங்கிலிருந்து 'ஸ்ஸ்' என்கிற ஹிஸ் இரைச்சலைச் சுரண்டி எடுத்தவன், அன்று என் கையாலேயே ஹிஸ்ஸை அள்ளிப் பூசினேன், பழைய கேசட் மாதிரி கேட்கட்டும் என்று.

டயர் கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "என்ன பாஸ், கொசு அடிக்கிறீங்களா?"

சாட்சி ஒத்துப்போக வேண்டுமே என்று ஜெகாவுக்குப் போன் செய்தேன். அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஜொகூர் பாலத்தில் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றிருந்தான்.

"யாராவது கேட்டா, குணாதான் டிரம்ஸ்னு சொல்லு."

"குணாதானே டிரம்ஸ்."

"டேய், நான் இன்னும் சொல்லியே கொடுக்கல லா. அதுக்குள்ள பொய் சொல்றியே."

"அலமாக், என்னடா. நம்ம பாட்டோட ரிமிக்ஸ மறந்துட்டியா? பேண்டுக்காரரு மெஷின திருப்பி வாங்கிட்டுப் போனப்புறம் செஞ்சியே? கேவலமா இருக்குன்னு வீடு வீடா போய் சிடிய திரும்ப வாங்கினியே? நான் மட்டும் கொடுக்கல. உன்னைக் கிண்டல் பண்றதுக்குன்னே வச்சிருக்கேன்."

பிஸ்கட் டின்னைக் கீழே வைத்தேன்.

மெஷின் போனபிறகு என்னிடம் டிரம் சத்தம் எதுவும் இல்லை. அதனால் டேப்பில் பாட்டுக்கு முன்னும் பின்னும் கிடந்ததை வெட்டி ஒட்டினேன். ஸ்னேர் டிரம்முக்குக் குணாவின் இருமல். ஹைஹாட் ஜால்ராவுக்கு அவன் பட்டன் அழுத்தும் கிளிக். கிக் என்கிற பெரிய டிரம்முக்கு அவன் பூட்ஸ் தரையில் விழும் சத்தம்.

4. வெள்ளிக்கிழமை

ஜெகா கொண்டுவந்து கொடுத்த சிடியைப் போட்டேன். முதல் இருமலிலேயே மல்லிகா நிமிர்ந்தார்.

"இது அவரு."

"அதுதான்மா ஸ்னேர்."

"டிவி பாக்கும்போதெல்லாம் இப்படித்தான்." இன்னும் கொஞ்சம் கேட்டார். "அந்த தொப்பு தொப்புன்னு?"

"பூட்ஸ்."

"கழட்டி எறிவாரு. மெதுவா வைங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்."

பாட்டு முடியும்வரை கேட்டார். கீழே கம்பிரசர் ஓடியது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

"அப்ப பொய் சொல்லல," என்றார்.

"இல்லம்மா."

"இன்னொரு தடவ போடுங்கண்ணே."

போட்டேன். திவசத்துக்கு ஒரு காப்பி வாங்கிக்கொண்டு அவர் போனபிறகு பிஸ்கட் டின் ஃபைலை அழித்தேன்.

பீட் செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கேவலமான ரிமிக்ஸாக இருந்தாலும் ஒரு காப்பி வையுங்கள். எந்தச் சத்தத்தை யாரிடமிருந்து வெட்டினீர்கள் என்று எழுதி வையுங்கள். நான் எழுதவில்லை. சிடி உறையில் என் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. அந்த ரிமிக்ஸில் டிரம்ஸ் முழுக்கக் குணாதான். அவன் பெயரைப் போடாமல் விட்டது நான்.