தொடாமல் அனுப்பிய அப்பத்தட்டு

நான் மாம்புரியில் கடல் தொழில் செய்பவன். கிறிஸ்து எல்லாருக்காகவும் அல்ல, தாம் முன்பே தெரிந்தெடுத்தவர்களுக்காகவே மரித்தார் என்று எங்கள் சபைப் போதகர் ஒரு ஞாயிறு பிரசங்கித்தார். மற்றவர்கள் ஆறுதலோடு தலையாட்டினார்கள். நான் தலையாட்டவில்லை. என் குடியும் கோபமும் எனக்குத்தானே தெரியும்! அவர் தெரிந்தெடுத்தவர்களில் நான் இல்லை என்று முடிவே செய்துவிட்டேன். அதன்பின், கிறிஸ்துவின் மரணத்தை நினைத்து அப்பம் பகிரும் திருவிருந்தில் அப்பத்தட்டு வந்தால், தொடாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடுவேன். ஏழு மாதம் இப்படியே போனது.

ஒருநாள் மனைவி காரணம் கேட்டாள். சொன்னேன்.

"போன வருசம் எஞ்சின் நிண்டு நீங்க கடலில கிடந்தப்போ, என்ட அண்ணன் ஊரில உள்ள எல்லாரையுமா தேடி வந்தவர்? உங்களைத்தானே?"

"ஓம்."

"அவர் கயிறு எறிஞ்சதும், இது எனக்குத்தானா எண்டு யோசிச்சுக்கொண்டா இருந்தீங்க?"

யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன்.

நானும் அவர்களில் ஒருவன் என்ற நிச்சயம் எனக்கு வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். பெரும்பாலான நாட்களில் இன்னும் இருட்டுத்தான். ஆனால் இப்போது தட்டு வந்தால், ஒரு துண்டை எடுத்துக்கொண்டுதான் அடுத்தவரிடம் கொடுக்கிறேன். அன்று கயிற்றைப் பிடித்தபோதும், கரை சேருவேன் என்ற நிச்சயம் எனக்கு இருக்கவில்லை.