அக்கா தூக்கிக்கொண்டு போன வெப்சைட்

அந்த மூக்குக்கண்ணாடிக் கடையின் கவுண்டரில் பதினாலு வருஷமாக உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. போன வாரம் முதலாளிக்குத் திடீரென்று வெப்சைட் ஆசை வந்துவிட்டது. "வெப்சைட்டும் பண்ணி, கவுண்டரையும் பாத்துக்கிற மாதிரி ஒரு ஆளை எடுத்துடலாம்னு இருக்கேன்" என்று அவர் போனில் சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. கடையில் இருப்பதோ ஒரே கவுண்டர்.

"வெளி ஆள் எதுக்கு சார்? நானே செஞ்சிடறேன். திங்கக்கிழமை காட்டறேன்" என்று வாயை விட்டுவிட்டாள். வெப்சைட்டை எங்கிருந்து தொடங்குவது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஒரு இலவச வீடியோப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு எழுத எடிட்டர் போட்டாள், எழுதியதைத் திரையில் காட்ட சர்வர் போட்டாள். சர்வர் முரண்டு பிடித்தது. அது கேட்ட போர்ட் என்ற வாசல் எண்ணில் வேறொரு மென்பொருள் சட்டமாக உட்கார்ந்திருந்ததாம். உட்கார்ந்திருப்பவரை எழுப்பும் பேச்சே அந்த வாரம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. சர்வருக்கு வேறு எண்ணைக் கொடுத்தாள். பிறகு சனிக்கிழமை முழுக்கத் திருத்தியும் திரையில் ஓர் எழுத்து மாறவில்லை. அவள் திருத்தியதெல்லாம் வேறு ஃபோல்டரில் கிடந்த நகலை.

ஞாயிறு மதியம் ஒருவழியாகப் பக்கம் வந்தது. மேலே இருந்த லோக்கல்ஹோஸ்ட் என்ற விலாசத்தை முதலாளிக்கும், சொந்தக்காரர்களுக்கும், வாடிக்கையாளர் நாற்பது பேருக்கும் அனுப்பினாள். ஒருவருக்கும் திறக்கவில்லை. "போனை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று அத்தனை பேருக்கும் பதில் தட்டினாள். பாவம், பண்ணினார்கள்.

திங்கள் காலையில்தான், அவசரத்தில் தாண்டிப்போன மூன்றாம் பாடத்தைப் பார்த்தாள். அந்த விலாசத்துக்கு 'இதே கம்ப்யூட்டர்' என்று அர்த்தமாம். விலாசம் கேட்டவர்களிடம் 'எங்க வீடு' என்று எழுதிக் கொடுத்த கதைதான். வெளியில் தெரியவைப்பது ஒன்பதாம் பாடம்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருந்த நாலாவது மாடிக்கு லிஃப்ட் கிடையாது.

"உன் பெட்டியில தெரியுதில்ல? பெட்டியையே தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார்.

"அதுக்குப் பேரு வெப்சைட் இல்லைங்க."

"வேலை போனா அதுக்கு என்ன பேரு? மானிட்டரை நீ பிடி."

கடையில் வைத்து இணைத்தார்கள். வெளியில் தெரியவைப்பது ஒன்பதாம் பாடத்தில்தான் வரும் என்று அக்கா ஒப்புக்கொண்டாள். முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதைப் பாக்கவே கடைக்கு வரணும்னா, வாசல்ல போர்டு போதாதாம்மா? எழுத்து வேற இவ்வளவு பெரிசு, நாலு வரியில திரையே ரொம்பிடுச்சு. விடும்மா, வெளி ஆளையே கூப்பிடறேன்."

அக்கா மானிட்டரை அணைக்கக் கை நீட்டினாள். அப்போது ஒருவர் இரண்டாக உடைந்த கண்ணாடியோடு தடவித் தடவி உள்ளே வந்தார். அலமாரியில் கண்ணாடி மாட்டி வைத்திருந்த பொம்மைத் தலையிடம், "சார், இதை ஒட்ட முடியுமா?" என்று மரியாதையாக விசாரித்தார். பதில் வராமல் திரும்பியவர், திரையைப் பார்த்து உரக்கப் படித்தார்:

"கண்ணாடி உடைஞ்சுதா? உட்காருங்க. அரை மணியில சரி பண்ணித் தர்றோம்."

"அப்பாடா!" என்று உட்கார்ந்துவிட்டார்.

"நம்மளைத் தேடறவங்க கண்ணுல கண்ணாடி இருக்காது சார். அதான் பெரிசா போட்டேன்" என்றாள் அக்கா.

முதலாளி உட்கார்ந்தவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"அந்த ஒன்பதாம் பாடத்துக்கு எத்தனை நாளும்மா ஆகும்?"

"ஒரு வாரம் சார்."

"சரி, பண்ணு. அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."