கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காலிப்பர்

இன்று சேலத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய மருத்துவக் கருவிகளைப் பார்த்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள், போலியோ வந்த காலுக்கு மாட்டும் இரும்புக் காலிப்பர் இருந்தது. ‘அந்தக் காலத்தில் பயன்படுத்தியது’ என்று அட்டை.

என் இடது காலிலும் அதேதான். வார் உறுத்தவே, பெஞ்சில் உட்கார்ந்து கழற்றி வைத்தேன்.

காவலாளி வந்தார். “ஏனுங்க, பொருளையெல்லாம் வெளிய எடுக்கக் கூடாதுங்க.”

“இது என்னுதுங்க.”

“பொட்டு இருக்குதுங்களே. ஆயுத பூசைக்கு இங்க எல்லாத்துக்கும் நான்தானுங்க வெச்சேன்.”

எங்கள் வீட்டில் லாரிக்குப் பொட்டு வைத்த கையோடு அப்பா இதற்கும் வைத்துவிடுவார். மாட்டிக்கொண்டு நடந்து காட்டினேன்.

அவர் கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “செரிங்க, போங்க” என்றார்.

அந்தக் காலம் எப்போது முடிந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கழற்றிவிடுகிறேன்.