மேசையில் வைக்கச் சொன்ன கத்தி

எங்கள் வீட்டில் அப்பா போனது வேலைக்கு. உத்தியோகம் பார்த்தது நான். ஒன்பது வயதிலேயே மொழிபெயர்ப்பாளராகப் பதவியேற்றுவிட்டேன். மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கம், வெளியே இரும்புப் படி வைத்த ஒரு வீட்டின் நடு மாடியில் இருந்தோம். வீட்டுக்காரர் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். வெந்நீர்த் தாங்கி ஒழுகினால், திருத்த வந்தவரோடு நான்தான் கதைக்கவேண்டும். அம்மா டொக்டரிடம் போகும் நாளில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் என்பதால் வீட்டில் எனக்கு இருந்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. தம்பிக்கு முந்தி எனக்குத்தான் கோழிக்கால் வரும்.

எந்த உத்தியோகத்திலும் போல இதிலும் சில வசதிகள் இருந்தன. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை, உங்கள் மகள் வகுப்பில் வாயை மூடுவதே இல்லை என்றார். நான் அப்பாவின் பக்கம் திரும்பி, "வகுப்பிலை நல்லாக் கதைக்கிறனாம்" என்றேன். அப்பா தலையாட்டினார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில், கப்பலேறும் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி அடித்தார். அங்கே எட்டு வருடம் அவரோடு ஒரே மேசையில் நின்றவர் ஒரு பின்லாந்துக்காரர். ஓய்வு பெற்ற நாளில் அந்த மனிதர் தன் இடுப்புப் பட்டியில் தொங்கிய கத்தியைக் கழற்றி அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பூக்கோ என்பது அதன் பெயர். அவருடைய நாட்டில் காட்டுக்குப் போகிறவர், மரம் வேலை செய்கிறவர், மீன் பிடிக்கிறவர் எல்லோர் இடுப்பிலும் அது தொங்குமாம். ஒருவர் தன் பூக்கோவை இன்னொருவருக்குக் கொடுத்தால், உன்னை நம்புகிறேன் என்று வாயால் சொல்லத் தேவையில்லையாம். அப்பா இதை எங்களுக்குச் சொன்னபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. அந்தப் பட்டறையில் வேறு யாரும் அவருக்கு எதையும் கொடுத்ததில்லை.

அலகு என் கையளவுதான். பிடி, குளிர்நாட்டில் வளரும் பேர்ச் மரம். தேன் நிறத்தில், சுருள் சுருளாக ரேகை ஓடியிருக்கும். தோலுறை பிடியிலும் பாதியை விழுங்கிவிடும். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் விரலைத் தடுக்க ஒன்றும் கிடையாது. இதால் குத்தப் போனால் குத்துகிறவனின் விரல்தான் வழுக்கி வெட்டுப்படும், ஆகவே இது குத்துகிற கத்தி இல்லை, சீவுகிற கத்தி என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லுவார். கேட்டவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். சனிக்கிழமைகளில் சமையலறை மேசையில் பேப்பர் விரித்து அகப்பைக் காம்பு சீவுவார். எங்கள் வீட்டில் சிரட்டையை விட அகப்பைக் காம்பு கூடிப்போன காலம் அது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை வந்துவிடும். ஒருவர் கீழே வைக்கவேண்டும், மற்றவர் எடுக்கவேண்டும். பின்லாந்துக்காரர் பிடிப்பக்கத்தைத் திருப்பி நீட்டியபோதும் அப்பா கையைப் பின்னுக்கு இழுத்து, மேசையில் வைக்கச் சொன்னாராம். காரணத்தைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வைத்தாராம்.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, பனி உருகத் தொடங்கிய நாட்களில், ஒவ்வொருவரும் தங்கள் பண்பாட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டுவந்து ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்று ஆசிரியை அறிவித்தார். அம்மாவுக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி மாளாது. குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கி, பழைய துவாயில் சுற்றி, என் புத்தகப் பையில் வைத்துவிட்டார். எனக்கு அந்த விளக்கைக் கொண்டுபோக வெட்கமாக இருந்தது. எவ்வளவு மினுக்கினாலும் எண்ணெய் மணக்கும். அதை எங்கள் வீட்டு மணம் என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். காலையில் விளக்கை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அப்பாவின் அலுமாரியில் இருந்து பூக்கோவை எடுத்துப் பையில் போட்டேன். அது வழவழப்பாக, வெள்ளைக்காரர் வீட்டுப் பொருள் மாதிரி இருந்தது. அந்த வயதில் எனக்குப் பண்பாடு என்றால் அதுதான்.

வகுப்பின் முன்னால் நின்று, யாழ்ப்பாணத்தில் எல்லார் வீட்டிலும் இந்தக் கத்தி இருக்கும் என்றேன். இளநீர் வெட்டுவது இதால்தான் என்றேன். கையளவுக் கத்தியால் இளநீர் வெட்டத் தொடங்கினால் குடிப்பதற்கு மாலையாகிவிடும். யாழ்ப்பாணத்தில் பேர்ச் மரம் எங்கே வளர்கிறது என்றும் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சுகத்தில் கத்தியை உறையிலிருந்து இழுத்தேன்.

ஆசிரியை மிக மெதுவான குரலில், அதை மேசையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் போய் நில் என்றார். பள்ளிக்கூடங்களில் கத்தி என்ற சொல்லுக்கே எல்லோரும் திடுக்கிட்ட காலம் அது. கொஞ்ச நேரத்தில் நான் பள்ளிக்கூட அதிபரின் அறையில் இருந்தேன். அதிபர் நரைமுடி வைத்த, கோபப்படாத பெண். யார் தந்தது என்று ஒரேயொரு கேள்விதான் கேட்டார். நான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு இரண்டு சொல் போதும். ஆனால் வாயில் வந்தது வேறு.

அப்பா தந்தவர், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னவர் என்றேன்.

அப்பா வேலை நடுவில் வந்தார். புருவத்தில் மரத்தூள் இருந்தது. வாசலில் சப்பாத்தைத் துடை துடை என்று துடைத்துவிட்டு, கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். மொழிபெயர்ப்புக்கு யாரையாவது கூப்பிடட்டுமா என்று அதிபர் கேட்டார். தேவையில்லை, நான் இருக்கிறேன் என்றேன்.

கத்தி அதிபருக்கு முன்னால் உறைக்குள் கிடந்தது. இதை நீங்கள்தான் மகளிடம் கொடுத்து அனுப்பினீர்களா என்று அவர் கேட்டார்.

நான் தமிழில், "அப்பா, இது உங்கட கத்தியோ எண்டு கேக்கிறா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம்" என்றார்.

ஓம் என்பதை நான் பிரெஞ்சில் சொன்னேன். பிழையில்லாத மொழிபெயர்ப்பு.

ஒரு பிள்ளையிடம் ஆயுதத்தைக் கொடுப்பது எவ்வளவு பாரதூரமான விஷயம் என்று உங்களுக்கு விளங்குகிறதா என்று அதிபர் கேட்டார். இது என்ன கத்தி என்று கேட்கிறா என்றேன் அப்பாவிடம். அவர் முன்னுக்குச் சாய்ந்து, அதிபரையே பார்த்துக்கொண்டு, "இது குத்துற கத்தி இல்லை, சீவுற கத்தி. என்னோடை வேலை செய்த மனிசன் தந்தது. அப்பிடியே சொல்லு, பிள்ளை" என்றார். நான் அப்படியே சொல்லவில்லை. எங்கள் நாட்டில் பிள்ளைகள் கத்தி வைத்திருப்பது வழக்கம், அது இங்கே பிழை என்று அப்பாவுக்குத் தெரியாது, மன்னிக்கச் சொல்லுகிறார் என்றேன். இப்போது எழுதும்போதும் எனக்கு முகம் எரிகிறது. அப்பாவை மட்டும் விற்கவில்லை, ஊரையே சேர்த்து விற்றேன்.

அதிபர் பெருமூச்சு விட்டார். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, இங்கே எப்படி, இந்த நாட்டில் எப்படி என்று அப்பாவுக்குப் பாடம் நடத்தினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நான் நாலு வசனத்துக்கு ஒரு வசனம் மொழிபெயர்த்தேன். பிறகு கையெழுத்துக்கு ஒரு கடிதம் மேசைக்கு வந்தது. கத்தியைக் கொடுத்தனுப்பியது தான்தான் என்று தகப்பன் ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. கத்தியைத் திருப்பித் தருவதற்கான கடிதம் என்று சொன்னேன். அப்பா பேனையைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கண்ணை ஓட்டினார். விளங்காததை விளங்கினது போலப் பாவனை பண்ணுகிறாரே என்று எனக்கு அந்த நேரத்திலும் கூச்சமாக இருந்தது. கையெழுத்து வைத்தார்.

கடிதத்தைப் பார்த்ததும் அதிபரின் முகம் இளகியது. பெற்றோரின் பொருள், பெற்றோரிடமே போகட்டும் என்று சொல்லிக் கத்தியை எடுத்து, பிடிப்பக்கத்தைத் திருப்பி அப்பாவிடம் நீட்டினார். அப்பாவின் கை பாதி தூரம் போய் நின்றது.

"மேசையிலை வைக்கச் சொல்லு" என்றார்.

அதிபர் என்னைப் பார்த்தார். கத்தியைக் கையில் வாங்கினால் சண்டை வரும் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள் என்று அந்த அறையில், அந்தப் பெண்ணிடம், நான் எப்படிச் சொல்லுவேன்? குத்துவிளக்கு எண்ணெய் மணம் திரும்ப மூக்கில் ஏறியது.

அவருக்கு அது வேண்டாமாம் என்றேன்.

அதிபர் மெச்சியது போலத் தலையாட்டி, கத்தியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். அப்பா பூட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார். வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். எழும்பி, நன்றிக்கு "மெர்சி" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் பேசி நான் கேட்டிருந்த ஒரே பிரெஞ்சுச் சொல் அதுதான். பஸ்சில் வரும்போது, "பசிக்குதோ?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் அம்மா விட்ட பாட்டு இரண்டு கிழமை ஓடியது. அப்பா கவனமில்லாமல் வைத்த கத்தி தவறுதலாக என் பைக்குள் வந்துவிட்டது என்று அம்மாவுக்கும் ஒரு பதிப்பு தயாரித்துக் கொடுத்திருந்தேன். "குமர்ப்பிள்ளையாகப் போற பிள்ளையின்ரை பையுக்கை கத்தி போற அளவுக்கு இந்த மனிசனுக்குக் கண் தெரியேல்லை" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அம்மா சொன்னார். அப்பா அகப்பைக் காம்பு ஒன்றை எடுத்துச் சும்மா உருட்டிக்கொண்டிருப்பார். சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணும் வந்தாள். பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று அம்மா அன்று பச்சைத் தண்ணி குடிக்கவில்லை. வந்தவள் சமையலறை லாச்சிகளைத் திறந்து பார்த்தாள். தேங்காய் துருவும் திருவலையின் பல்லைக் கண்டு நின்றுவிட்டாள். அதற்கும் நான்தான் விளக்கம் சொன்னேன். போகும்போது என் பிரெஞ்சைப் பாராட்டினாள்.

அந்தக் கோடை விடுமுறையில் ஒரு நாள் அப்பா சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார். அம்மா என்னிடம் கொடுத்தனுப்பினார். பட்டறைக் கதவு திறந்து கிடந்தது. அடித்து முடித்த பெட்டிகளுக்கு அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் முதியது. இன்னொன்று வேகமாக, பள்ளிக்கூடத்தில் பேசினால் ஆசிரியை முகம் சுளித்துத் திருத்துவாரே, அந்த மாதிரித் தொழிலாளர் பிரெஞ்சில் பேசியது. எங்கேயும் தடக்கவில்லை. அது அப்பாவின் குரல் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பெட்டிகளின் இடுக்கால் பார்த்தேன். பழைய ஆட்களைப் பார்க்க வந்திருந்த பின்லாந்துக்காரர் அப்பாவின் வெறும் இடுப்புப் பட்டியைக் காட்டி, எங்கே என்று கேட்டார்.

தொலைத்துவிட்டேன் என்றார் அப்பா. மீன் பிடிக்கப் போன இடத்தில், ஆற்றில் விழுந்துவிட்டது, என் கவனக்குறைவு என்றார்.

அப்பா ஒரு நாளும் மீன் பிடிக்கப் போனதில்லை.

அந்த மனிதர், முப்பது வருடம் தன் இடுப்பில் இருந்த கத்தி என்று மட்டும் சொன்னார். அதையும் கோபமில்லாமல் சொன்னார். பிறகு அப்பாவின் தோளில் கையை வைத்து எடுத்துவிட்டு மற்றவர்களிடம் போனார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதிபரின் அறையில் குனிந்த அதே குனிவு.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. வாயை மூடுவதில்லை என்ற ஆசிரியை, கொடுத்து அனுப்பினீர்களா என்ற கேள்வி, வரி வரியாக வாசித்த கடிதம், வேண்டாமாம் என்று நான் சொன்ன சொல். எல்லாம் அவருக்கு நேராகவே விளங்கியிருக்கின்றன. ஒரு வசனம் பேசியிருந்தால் கத்தி கைக்கு வந்திருக்கும், என் பொய் எல்லோருக்கும் முன்னால் அவிழ்ந்திருக்கும். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மாலையில் அப்பா வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, என்னைப் பாராமலே, "மேசையிலை வைச்சிட்டுப் போயிருந்தாய், எடுத்தனான்" என்றார். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுகிறார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த மாதம் அவருக்குப் பல்வலி வந்தது. "வாறியே, பிள்ளை, எனக்கு உவையின்ரை பாஷை பிடிபடாது" என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். பல் டொக்டர் சொன்னதைக் கூட்டாமல், குறைக்காமல், ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அப்பா ஒவ்வொன்றையும் முதலில் டொக்டரின் வாயால் கேட்டார், பிறகு என் வாயால் கேட்டார். நான் சொல்லி முடித்த பிறகுதான் தலையாட்டினார்.