வெள்ளைப் பூ வந்தும் சிவப்பைக் கேட்டேன்

எல்லையம்மனை நம்பியிருக்கும் சொந்தங்களுக்கு என் கும்பிடு. என் பெயர் கன்னியப்பன். பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பம். மீனவர் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் கடலுக்குப் போவதில்லை. வாடகைக் கார் ஓட்டுகிறேன். அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்தேன். அதோடு என் வெட்கக்கேட்டையும் சொல்லியாக வேண்டும். அதை மறைத்தால் இது சாட்சியே இல்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள். விமான நிலையச் சவாரியை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். பொன்னேரி தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவில்லை.

என்னுடையது ஹைபிரிட் கார். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பின்சீட்டுக்கு அடியில் பெரிய பேட்டரியும் உண்டு. பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். இருந்தாலும் குப்பத்தில் அப்படி ஒரு கார் என்னிடம் மட்டும்தான். அந்தப் பெருமை எனக்குத் தலை வரைக்கும் ஏறியிருந்தது.

சென்னையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன். பேட்டரி அதிகமாகச் சூடாகிச் சூடாகி, உள்ளே செல்கள் சாகின்றன என்றார்கள். "பின்னாடி லோடு ஏதாச்சும் ஏத்துவீங்களா சார்?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். "சேச்சே, ஃபேமிலி சவாரிதான்" என்றேன். அப்படியென்றால் வயசாகிவிட்டது, மொத்த பேட்டரியையும் மாற்றுவதுதான் நல்லது என்றார்.

நான் சொன்னது பொய். தினமும் விடிகாலையில் என் அண்ணி லட்சுமியைக் கருவாட்டுக் கூடைகளோடு பொன்னேரி மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத்தான் சவாரிக்குப் போவேன். வண்டியில் கருவாட்டு வாடை ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று பின்சீட்டு முழுக்க நீலத் தார்ப்பாய் விரித்து, ஓரமெல்லாம் சந்து பொந்து விடாமல் சொருகி வைத்திருப்பேன். அண்ணி அதன் மேல்தான் உட்காருவார். சவாரி ஏறும் முன்னால் உருவி டிக்கியில் போட்டு சென்ட் அடிப்பேன். சர்வீஸ் சென்டருக்குப் போகும்போதும் அப்படித்தான், கழுவித் துடைத்து மணக்க மணக்கக் கொண்டுபோனேன்.

திரும்பி வரும் வழியில் பொன்னேரி மெக்கானிக்கிடமும் கேட்டேன். "கெட்டுப்போன செல்லை மட்டும் மாத்தலாம்ணா. ஆனா ஏன் கெட்டுச்சுனு தெரிஞ்சாவணும். இல்லாங்காட்டி மறுபடியும் கெடும்" என்றார். ஏன் கெட்டது என்று எனக்குத் தெரியவில்லை. நான் யோசிக்கவும் இல்லை.

புது பேட்டரி வாங்க என்னிடம் வழி ஒன்றுதான் இருந்தது. எங்கள் நைனா எனக்கும் அண்ணன் தேசப்பனுக்கும் பொதுவாக விட்டுப்போன ஃபைபர் போட்டு. அதில் கடலுக்குப் போகிறவர் அண்ணன் மட்டும்தான். அதை விற்றால் அவர் இன்னொருவர் போட்டில் பங்குக்குப் போகவேண்டும். அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் மனசு புது பேட்டரியைத்தான் கேட்டது. ஒட்டுப்போட்ட வண்டி ஓட்டுகிறவன் என்று நாலு பேர் சொல்லக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலில் பூக் கட்டிப் போட்டுக் கேட்டேன். வெற்றிலை ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டையும் இன்னொன்றில் செவ்வரளியும் மடித்து அம்மன் முன்னால் போட்டேன். வெள்ளை வந்தால் ரிப்பேர், சிவப்பு வந்தால் புதுசு. "அம்மா, எனக்கு ஒண்ணும் புரியல, நீயே சொல்லு" என்று அழுதேன். அழுகை நிஜம்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பிரித்தால் வெள்ளை.

ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் பூக் கேட்பது எங்கள் வழக்கம். பூசாரி டீ குடிக்கப் போயிருந்தார். பார்க்க ஆள் இல்லை. மறுபடி மடித்துப் போட்டேன். மறுபடியும் வெள்ளை. கை சரியாகக் கலக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்றாவது தடவை போட்டேன். சிவப்பு வந்தது. விழுந்து கும்பிட்டுவிட்டு நேரே அண்ணனிடம் போனேன்.

"ண்ணா, பூக் கேட்டேன். புதுசு மாத்தச் சொல்றா அம்மா" என்றேன்.

அண்ணன் ஒரு நிமிஷம் போட்டைப் பார்த்தார். "அவளே சொல்லிட்டா அப்புறம் இன்னாடா. வித்துடு" என்றார். அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மன் பெயரைச் சொன்னால் என் அண்ணன் கேள்வி கேட்கமாட்டார் என்று தெரிந்தேதான் சொன்னேன். இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது.

போட்டு வாங்க ஆள் கிடைத்தது. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் கடைசியாக ஒரு தடவை இன்ஜினைத் துடைத்து எண்ணெய் போட்டார். வாங்குகிறவருக்குப் போட்டு நன்றாக இருக்கட்டும் என்று துடைத்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. வெளியே நிற்கும் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மனைக் கும்பிட வாய் வரவில்லை. "தப்பு பண்ணிட்டேன், எப்படியாவது தடுத்துடு" என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன். நான் உண்மையாக வேண்டியது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் நல்ல வெயில், நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அண்ணி மணலில் கருவாடு காயப் போட்டிருந்தார். திடீரென்று கடல் பக்கம் கறுத்து, சடசடவென்று மழை இறங்கியது. அண்ணி ஓடி வந்து, தார்ப்பாய் மறுபடியும் விரித்துக் கிடந்த பின்சீட்டுக் கதவைத் திறந்தார்.

"தம்பி, உன் தார்ப்பாய எட்துக்கறேன். அத்தினியும் நனையுது."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தத் தார்ப்பாயைக் கூட அவ்வளவு சொந்தம் கொண்டாடினேன். அதற்குள் அவர் ஒரே இழுப்பில் உருவிவிட்டார். "இன்னா பாத்துக்கினு குந்திகினு இருக்க, அந்தப் பக்கம் புடி" என்றார். இறங்கி ஓடினேன். இரண்டு பேருமாகக் கருவாட்டை மூடினோம்.

நனைந்துபோய்த் திரும்பி வந்தபோது பின்கதவு திறந்தபடி இருந்தது. சீட்டு ஓரத்தில், தார்ப்பாய் முனையை நான் எப்போதும் அழுத்திச் சொருகும் இடத்தில், கம்பி கம்பியாக ஒரு சின்ன ஜன்னல். ஏசி ஓட்டை என்று நினைத்து, வாடை அதற்குள் போய்விடக் கூடாது என்று அதை மட்டும் கூடுதலாக அடைத்துவைப்பேன். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே செதிலும் உப்புத் தூளும் பஞ்சுபோல அடைத்துக் கிடந்தன.

அங்கேயே மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். கருவாடு, தார்ப்பாய், நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். "ஐயோ ண்ணா, பேட்டரி மூச்சு விடுற வழியே அதான். அத்தப் போய் அடைச்சிட்டீங்களே" என்றார். பேட்டரி கெட்டதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. என் வெட்கம்தான் காரணம்.

மழையோடு அண்ணனிடம் போனேன். வலை கட்டிக்கொண்டிருந்தார். "ண்ணா, அம்மா வெள்ளைதான் குடுத்தா. நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்" என்றேன்.

"எத்தினி வாட்டி?"

"மூணு வாட்டி."

அண்ணன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணாவது வாட்டி அவளுக்கே வெறுத்துப்போயிருக்கும். போ, அந்த ஆளுக்குப் போன் போட்டு விக்கலனு சொல்லு" என்றார். அடித்திருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மெக்கானிக் காற்று வழியையும் விசிறியையும் சுத்தம் செய்து, செத்த செல்களை மட்டும் மாற்றினார். மற்ற செல்கள் நன்றாகவே இருந்தன. புதுசு மாதிரி நெடுநாள் வரும் என்று சொல்லமாட்டேன், மூடாமல் வைத்தால் ஓடும் என்றார். இன்றைக்கு வரைக்கும் ஓடுகிறது. போட்டும் கடலுக்குப் போகிறது.

ஒன்று மீதி இருந்தது. ஒரு நாள் விடிகாலை அண்ணி ஏறும்போது பின்சீட்டில் தார்ப்பாய் இல்லை. கூடைக்கு அடியில் மட்டும் ஒரு தட்டு வைத்திருந்தேன். அவர் தயங்கி நின்றார். ஏறி உட்கார்ந்து வண்டி கிளம்பியதும், நான் திரும்பிப் பார்க்காமலே, எதற்காக இத்தனை நாள் தார்ப்பாய் போட்டேன் என்று சொன்னேன்.

"தெரியும் தம்பி" என்றார் அண்ணி. "வாடைக்குத்தான் நீ போட்டேனு மொத நாளே தெரியும். ஒன் சீட்டு பாழாவக் கூடாதேன்னு ஓரத்தெல்லாம் நானும் ஒருவாட்டி நல்லா சொருவிட்டுத்தான் குந்துவேன்."

வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன். அவர் முந்தானையால் கூடையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது யாராவது வண்டியில் வாடை வருகிறதே என்று கேட்டால், "ஆமாங்க, எங்க அண்ணி கருவாட்டு வியாபாரம்" என்கிறேன். சிலர் ஜன்னலை இறக்குகிறார்கள். சிலர் விலை கேட்கிறார்கள்.

சொந்தங்களே, அம்மன் கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். என்னைப் போன்றவனுக்கே சொன்னாள். அவள் சொன்னதை நான் கேட்காமல் போனதும் மழையை அனுப்பி, அண்ணி கையால் திறந்து காட்டினாள். நீங்களும் நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, முதலில் வரும் பூவையே கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.