முருகையா அண்ணன் வேனின் முதல் ஸ்டார்ட்

எஞ்சினைப் பிரிக்கும்போது மெக்கானிக்குக்குக் கை நடுங்காது. எல்லாவற்றையும் சேர்த்து முடித்து முதல் தடவை சாவி திருப்பும்போதுதான் நடுங்கும். வண்டியை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, அந்த வகையில் நாம் எல்லாரும் ஒரே கட்சிதான்.

சுனாமி வந்து இரண்டு வருஷம் இருக்கும். போர்ட் பிளேர் ஹேடோவில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நானும் ஹாருதா என்ற வங்காளி மிஸ்திரியும்தான் வேலை பார்த்தோம்.

ஊறப்போட்ட டாப்பெட்

முருகையா அண்ணன் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டியவர். சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சுனாமியில் மனைவியை இழந்தபின் மகளோடு போர்ட் பிளேர் வந்து, ஒரு பழைய வேன் வாங்கி, குட்வில் எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஜாமாகிவிட்டது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் புதிதாக மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர ஒன்றரை மாதமானது. அதுவரை கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கினார்.

அந்த எஞ்சினில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உட்காருவது ஹைட்ராலிக் டாப்பெட். உள்ளே எண்ணெய் நிறைந்து, இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். காய்ந்த நிலையில் ஓடினால் புது கேம் ஷாஃப்டைத் தின்றுவிடும். அதனால் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் பாத்திரம் கொண்டுவந்து, எட்டு டாப்பெட்டையும் எஞ்சின் ஆயிலில் ஊறப்போட்டேன். பிறகு ஒவ்வொன்றையும் எடுத்து, மேலெல்லாம் எண்ணெய் பூசி, அதனதன் குழியில் இறக்கினேன். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த முருகையா அண்ணன் மெதுவாகச் சொன்னார்: “பச்சப்புள்ளைக்கு எண்ணெ தேச்சு குளுப்பாட்டுற மாதிரில்ல இருக்கு, தம்பி.”

ஸ்டார்ட் ஆகக் கூடாத ஸ்டார்ட்

மறுநாள் காலையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டோம். எஞ்சின் ஓடுவதற்கு முன்பே ஆயில் மேலே ஏறி எல்லா இடமும் நனைய வேண்டும். கொஞ்சம் சுற்றுவது, ஸ்டார்ட்டர் ஆறும்வரை நிறுத்துவது, மறுபடி சுற்றுவது. ஆயில் கேஜ் முள் அசையவே இல்லை.

டெலானிபூரிலிருந்து ஸ்கூட்டர் எடுக்க வந்த அரசாங்க குமாஸ்தா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, முருகையா அண்ணன் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பழைய எஞ்சினை நம்பக் கூடாது என்றார். ஹாருதா அவரிடம் இந்தியில் பொறுமையாக விளக்கினார், இப்போது ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது, அதற்காகத்தான் பிளக்கையே கழற்றியிருக்கிறோம் என்று. அந்த நேரம் பார்த்து முள் மேலே ஏறியது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து குமாஸ்தா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: “வண்டி ஸ்டார்ட் ஆகாததுக்கு சந்தோஷப்படற மிஸ்திரிங்கள இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

லாரிச் சத்தம்

பிளக்கை மாட்டி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாமியை நினைத்துச் சாவி திருப்பினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. டாப்பெட் நாலைந்து விநாடி கடகடத்துவிட்டு அடங்கியது. அடுத்த வேலைதான் பெரிய வேலை. இருபது நிமிஷம் ஆக்ஸிலேட்டரை விடாமல் அழுத்தி, வேகத்தைக் குறைக்காமல் ஓட்ட வேண்டும். மெதுவாக ஓடவிட்டால் கேமில் எண்ணெய் சரியாகத் தெறிக்காது, தேய்ந்துவிடும். இன்னொன்று வாங்க வேண்டுமென்றால் மறுபடி கப்பல்தான்.

தகரக் கூரைக்குக் கீழே அந்த உறுமல் காதை அடைத்தது. ரேடியேட்டர் பக்கம் நின்ற ஹாருதா என்னைப் பார்த்துச் சுவர்ப்பக்கம் கைகாட்டினார். முருகையா அண்ணன் சுவரோரம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டிருந்தார். தலையை முழங்காலுக்குள் புதைத்திருந்தார். என் கால் ஆக்ஸிலேட்டரில். வேகத்தைக் குறைக்க முடியாது. அப்படியே சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன். ஹாருதா தண்ணீர் கொடுத்தார். பாதி குடித்தபிறகு முருகையா அண்ணன் சொன்னார்: “சுனாமி வந்த அன்னைக்குக் காலையில இந்தச் சத்தந்தான் கேட்டுச்சு. ஏதோ லாரி வருதுன்னு நெனச்சுக்கிட்டு நின்னுட்டேன்.”

அவர் கால்

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாங்களே ஓட்டிக்கொள்ளலாம் என்றேன். அவர் போகவில்லை. எழுந்து வேன் பக்கம் வந்து, தானே டிரைவர் சீட்டில் உட்காரட்டுமா என்று கேட்டார். எனக்குப் பயம். பாதியில் காலை எடுத்துவிட்டால் கேம் போய்விடும். ஹாருதா அவருக்கு வேன் கதவைத் திறந்துவிட்டார்.

ஸ்டார்ட் செய்தார். எந்த அளவில் வைக்க வேண்டும் என்று காட்டினேன், அங்கேயே காலை நிறுத்திக்கொண்டார். முதல் ஐந்து நிமிஷம் ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. பிறகு தளர்ந்தன. நான் ஜன்னலில் கைவைத்தபடி பக்கத்திலேயே நின்றேன். அவர் முகம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. கால் மட்டும் இம்மியும் அசையவில்லை. இருபது நிமிஷம் முடிந்து அணைத்ததும் சீட்டில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “என் காலுக்குக் கீழயிருந்து வர்ற சத்தம்னா பயமில்ல, தம்பி. இத நாம நிறுத்தலாமில்ல.”

எஞ்சினை எப்படி முதல் தடவை ஸ்டார்ட் செய்வது என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்கிற கம்பெனிக்காரன், வண்டிக்காரரை எப்படி ஸ்டார்ட் செய்வது என்று இதுவரை ஒரு வரிகூட எழுதிக் கொடுத்ததில்லை.